வழக்குப் போட நீங்கள் ஆள்தான், அப்பா

என் அப்பா, எங்கள் வீட்டுச் சுக்கானியாரே,

உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். போன வாரம் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோர்ட்டிலிருந்து நேரே உங்கள் கல்லறைக்கு வந்து வாயாலேயே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். வந்து நின்றதும் அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் நிலம் வாங்கியவர்கள் நம்மைப்போல் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத பகுதி பின்னால் வருகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் தோணியில் சுக்கான் பிடித்தவர் நீங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் செங்கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போவீர்கள். பீப்பாயில் பிடித்துப்போன தண்ணீரை உடன் வந்தவர்களுக்கெல்லாம் அளந்து ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குடித்துப் பழகியவர். கரைக்கு வந்து வீட்டுப் படி ஏறியதும் முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீர் கேட்பீர்கள். குடித்துவிட்டு, "கடைசிக் காலத்துல நமக்குன்னு ஒரு நல்ல தண்ணிக் கெணறு இருக்கணும்ளா அமலி" என்பீர்கள். வேறு எதற்கும் நீங்கள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கிணற்றைக் கொடுத்தது செல்லத்துரை அண்ணாச்சி. முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு தோணிப் பயணத்துக்கும் அரிசி, பருப்பு, கருப்பட்டி எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். உங்களுக்கு அண்ணாச்சி, எனக்கும் தம்பிக்கும் மாமா. அவர் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும். திருச்செந்தூர் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் அவருடைய பூர்வீக நிலம் இரண்டு ஏக்கர். பிள்ளைகள் சென்னையில் கடை போட்டுவிட்டார்கள், பார்க்க ஆள் இல்லை என்று உங்களுக்கு எழுதிக்கொடுத்தார். செம்மண் மேடான தேரி, நடுவில் கிணறு. பத்திரம் முடிந்த அன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தீர்கள்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. முருங்கை காய்த்துத் தள்ளியது. தென்னங்கன்றுகளுக்கு நீங்கள் ஒவ்வொன்றாகத் தோணியின் பேர் வைத்திருந்தீர்கள். மூன்றாம் வருடம் வடக்கு மூலையில் இலை மஞ்சளிக்க ஆரம்பித்தது. பிறகு கிணற்றிலேயே வாடை. வாளியை மேலே தூக்கினால் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் படலம், வெயிலில் ஏழு நிறமும் காட்டும். பட்டுப்போன தென்னைக்குப் பதில் புதுக் கன்று வைக்க அந்த மூலையில் குழி தோண்டினீர்கள். இடுப்பளவு ஆழத்தில் செம்மண் முடிந்து சாம்பல் நிறத்தில் சேறு வந்தது. மண்ணெண்ணெய்போல் வாடை அடித்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லித்தான் உங்களுக்கே தெரியும். நீங்கள் வாங்குவதற்குப் பல வருடம் முன்பு, பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி அங்கே வந்திருக்கிறது. நான்கு மாதம் பெரிய கோபுரம் நட்டுத் துளை போட்டிருக்கிறார்கள். எண்ணெய் இல்லை. துளையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். துளை போடும்போது வெளியே வந்த சேற்றையும் கழிவையும் கொட்ட வெட்டிய பள்ளத்தை மணல் தள்ளி மூடிவிட்டார்கள். வேலை முடிந்து குளிக்கும்போது நீங்கள் சட்டையைத் தொங்கப்போடும் அந்தச் சிமெண்டுத் தூண், நாம் நினைத்ததுபோல் எல்லைக்கல் இல்லை அப்பா. அதுதான் அந்தத் துளையின் மூடி.

அன்றைக்கே அண்ணாச்சி கடைக்குக் கிளம்பிப் போனீர்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தீர்கள்.

"என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"கேக்கல. கடையில கூட்டமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. அவர் பேரையும் சொல்லவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அம்மா தட்டில் பலகாரம் எடுத்து வைத்தாள். நீங்கள் அந்தத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டீர்கள். தெரிந்தேதான் விற்றார் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள், இல்லையா? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தீர்களா? இதை நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

கம்பெனிமேல் வழக்குப் போட்டீர்கள். பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் பண்ண வேண்டும், கிணற்றைச் சரிபண்ணித் தர வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. நம் வக்கீல் பேச்சியம்மாள் ஆரம்பத்திலேயே சொன்னார். "முன்னாடி வச்சிருந்தவரையும் ஒரு கட்சியாச் சேத்துக்கிடுவோம் அய்யா. அவரு நமக்குத் துணையா வரட்டும், இல்லன்னா அவரு மேலயும் போடுவோம்." நீங்கள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "அவர் மேல கேஸ் போட மாட்டேன். அவர்கிட்டப் போய் நிக்கவும் மாட்டேன்." வக்கீலம்மா என்னைப் பார்த்தார்.

சேறு எவ்வளவு, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்றெல்லாம் கோர்ட்டில் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனோம். பரிசோதனைச் சீட்டைக் கவரில் போட்டு மடியிலேயே வைத்திருந்தீர்கள். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் எழுப்பினார். இவர் யார்? துளை போட்டபோது நிலம் இவருடையது இல்லை. அப்போதைய சொந்தக்காரர் சம்மதம் கொடுத்திருக்கிறார். கெடுதல் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும் நடந்தது அவருக்கு. நிலத்தை விற்கலாம், வழக்குப் போடும் உரிமையை மட்டும் தனியாக விற்கவோ வாங்கவோ சட்டத்தில் இடமில்லை. ஆகவே இவர் வழக்குப் போடத் தகுதியான ஆள் இல்லை.

கோர்ட்டும் அதையே சொன்னது. வழக்குத் தொடர வாதிக்கு உரிமை இல்லை, தள்ளுபடி.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். "மரத்தை விக்கலாம், கெணத்தை விக்கலாம். பட்ட கஷ்டத்தை விக்க முடியாது அய்யா. கெடுதல் நடந்தப்போ யாரு கையில நெலம் இருந்துச்சோ, அவருதான் கேக்கணும். பத்திரத்தோட சேந்து அது வராதுன்னு சொல்லுதாங்க."

"அவரு கஷ்டமே படலியேம்மா. அவரு வித்துட்டுப் போயிட்டாரு. மரம் பட்டுப்போனது எனக்கு. தண்ணி நாறுறது எனக்கு. அப்ப நான் ஆளே இல்லையா?"

நீங்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தீர்கள். "கடலுக்குப் பட்டா கெடையாது. அங்க நான் ஆள் இல்லன்னா சரி. இதுக்குப் பட்டா என் பேருல இருக்கு. இதுலயும் நான் ஆள் இல்லையாம். ஏளா, வா போவோம்."

அன்று இரவு முழுக்க நான் யோசித்தது என் ஆபீஸ் வேலையைத்தான். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஏஜென்ட் ஆபீசில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். பெட்டி நனைந்து வந்தாலும் உடைந்து வந்தாலும் சரக்குச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நஷ்டம் கேட்கலாம். நடுக்கடலில் நனைந்தபோது அது யாருடையது என்று எவரும் வாதாட வருவதில்லை. ஒரு மூட்டை சர்க்கரைக்குக் கிடைக்கிற நியாயம் ஒரு கிணற்றுக்குக் கிடைக்காதா? இதை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தீர்கள். "அப்பீல் போடுவோம்ளா" என்றீர்கள்.

போட்டோம். முதல் வாய்தாவுக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டீர்கள். அம்மா அதைப் பற்றி இன்னும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

இனி எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது.

வாதி இறந்தால் தொண்ணூறு நாளைக்குள் வாரிசுகள் மனுப் போட்டு உள்ளே வர வேண்டுமாம், இல்லையென்றால் வழக்கும் கூடவே செத்துப்போகும் என்றார் வக்கீலம்மா. கப்பல் வேலைக்குப் போயிருந்த தம்பி அங்கிருந்து போன் பண்ணினான். "அப்பாவே இல்ல, இனி எதுக்குக்கா கோர்ட்டு? வித்துட்டு அம்மாவ நிம்மதியா வையி" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. சரி என்றேன்.

ஒரு குடும்பம் இடம் பார்க்க வந்தது. புருஷன் பெஞ்சாதி, ஓய்வு பெற்ற ஆட்கள். கருவாடு கட்டி அனுப்பக் கொட்டகை போடப் போகிறார்களாம். அந்த அம்மாள் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "நல்ல இடமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அப்பா? "கெணறு இருக்கு" என்றேன்.

பொய் இல்லையே. கிணறு இருந்தது. அவர்கள் தலையாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் மகள், சொந்த நாக்கால், உங்களுக்கு நடந்ததை இன்னொருத்திக்குச் செய்யப் பார்த்தாளே என்று இருந்தது. நாளைக்கு அவள் கோர்ட்டுக்குப் போனாலும் அங்கே அவளையும் நீ யார் என்றுதானே கேட்பார்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்குப் போன் பண்ணிச் சேறு, வாடை, வழக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "நல்ல வேளை சொன்னே தாயி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அண்ணாச்சி எனக்குப் புரிந்தமாதிரி இருந்தது. அவரும் உங்களிடம் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார். ஒரு சொல்லை விழுங்கி. நான் விழுங்கியதை அன்றைக்கே துப்பிவிட்டேன், அவருக்கு அது முடியாமல் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசமோ என்னவோ.

மறுநாள் அம்மாவிடம், அண்ணாச்சி கடைக்குப் போகிறேன் என்றேன். தடுப்பாள் என்று நினைத்தேன். "இரு, நானும் வாரேன்" என்று சேலை மாற்றப் போய்விட்டாள்.

மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. அண்ணாச்சி ரொம்ப மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை. அம்மாதான் ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, அவரு உங்களை ஒரு வார்த்தை திட்டல. உங்க பேரையே எடுக்கல. திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்."

நான் கேட்டேன். "மாமா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியும்னு சொல்ல முடியாது அமலி. தெரியாதுன்னும் சொல்ல முடியாது." கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கம்பெனிக்காரன் வந்தப்ப இங்கிலீசுல ஒரு காகிதம் நீட்டுனான், கையெழுத்துப் போட்டேன். வெறும் களிமண்ணுதான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னான். நம்புனேன். அது நெசம். ஆனா அந்தப் பள்ளத்துப் பக்கம் மழைத் தண்ணி தேங்குனா ஆடு வாய் வைக்காது. அதையும் பாத்தேன். ஆடுதானேன்னு விட்டுட்டேன். அதுவும் நெசம்."

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். நாங்கள் கேட்காதது.

"பள்ளத்துல மொதல்ல கெட்டியா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சீட்டு விரிச்சிருந்தாவ. கழிவு மண்ணுல எறங்கக் கூடாதுன்னு. வேலை முடிஞ்சு கெளம்பும்போது, சீட்டு வேணும்னா அறுத்து எடுத்துக்கிடுங்கன்னு சொன்னாவ. காஞ்ச சேத்தை ஒதுக்கி ஒதுக்கி, நான்தான் சீட்டு முழுக்க அறுத்து எடுத்தேன். நல்ல சீட்டு. ஆட்டுக் கொட்டகைக்கு மேல போட்டேன். சீட்டு இல்லாத அந்தச் சேத்து மேலதான் மணலைத் தள்ளி மூடுனாவ. அந்தச் சேத்துக்கும் உங்க கெணத்துக்கும் நடுவுல இப்ப ஒண்ணுமே இல்ல. இதை உங்க அப்பன் சூசைகிட்டச் சொல்லணும்னு எத்தனையோ நாள் பொறப்பட்டேன். அவன் கடைக்கு வராம ஆனதும், அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுட்டேன்."

நீங்கள் அவருக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அவர் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துச் சொல்லவில்லை. என்ன மனிதர்கள் அப்பா நீங்கள் இரண்டு பேரும்!

உங்கள் அடக்கத்துக்கு அவர் வந்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்து, நம் கோயில் மதிலுக்கு எதிரே நின்றிருக்கிறார். உள்ளே வரத் துணிவில்லை. பெட்டி வண்டியில் ஏறுகிறவரை நின்றுவிட்டு, திரும்பி நடந்தே போயிருக்கிறார். இதை அவர் சொல்லும்போது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோர்ட்டு உங்களிடம் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். வழக்குப் போடும் உரிமை எங்களுக்கு இல்லையாம், அது உங்களுடையதாம் மாமா என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்ப அந்த நெலத்தை எனக்கே திருப்பிக் குடுத்துரு. நான் போடுதேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வக்கீலம்மாவிடம் கேட்டோம். "ஐயையோ, அதைச் செஞ்சுறாதிய. அவரு போட்டா காலம் தாண்டிப் போச்சுன்னு தள்ளிருவாங்க, உங்க உரிமையும் போயிரும். ரெண்டு பேரும் இல்லாம ஆயிருவிய" என்றார். ஆனால் பிளாஸ்டிக் சீட்டு விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அது முடிஞ்சுபோன கெடுதல் இல்ல. இன்னைக்கும் நடந்துகிட்டு இருக்கு" என்றார்.

தொண்ணூறு நாள் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நானும் அம்மாவும் வாரிசுகளாக மனுப் போட்டோம். தம்பிக்கு நானே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "சரிக்கா, என் பேரையும் சேரு" என்றான். அண்ணாச்சி தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கும்படி மனுவும், நடந்ததையெல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். சென்னையிலிருந்து அவருடைய மூத்த மகன் வந்து சத்தம் போட்டானாம். நாளைக்கு இவர்களே உங்கள் மேல் திரும்பினால் என்ன பண்ணுவீர்கள், வயசான காலத்தில் எதற்கு இந்த வம்பு என்று. "திரும்பட்டும்லே" என்றாராம்.

விசாரணைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு, எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல், இவ்வளவு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர் இப்போது ஏன் வந்தார், இது சேர்ந்து ஜோடித்த கதை என்றார். நீதிபதி ஒரு பெண்மணி. எல்லோரையும் நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டார்.

"நீங்க எழுதிக் கொடுத்திருக்கிறது உங்களுக்கே எதிராப் போகலாம். அது தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"எனக்கு எதிராத்தாம்மா அது இருக்கணும். செத்துப்போனவனுக்கு எதிரா இருந்துச்சு இவ்வளவு நாளும்."

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். நான் உங்களைத் தேடினேன் அப்பா. பக்கத்து நாற்காலியில் என் கைப்பைதான் இருந்தது.

போன வாரம் தீர்ப்பு. சட்டத் தமிழும் இங்கிலீசும் கலந்து நீளமாக இருந்தது. வக்கீலம்மா வெளியே வந்து எங்களுக்கு இப்படிச் சொன்னார். துளை போட்ட காலத்தில் நடந்த சேதத்துக்கு நாம் கேட்க முடியாது. அது அண்ணாச்சியின் உரிமை, அதற்கும் காலம் கடந்துவிட்டது. அந்த அளவுக்குக் கீழ்க்கோர்ட்டு சொன்னது சரிதான். ஆனால் சீட்டு இல்லாத பள்ளத்திலிருந்து கசிவது இன்று வரை நிற்கவில்லை என்று நாம் சொல்கிறோம். அது உண்மையானால், கசிகிற ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு கெடுதல். அந்தக் கெடுதலை அனுபவிக்கிறவர் அன்றன்றைக்கு நிலத்தை வைத்திருப்பவர். ஆகவே இறந்துபோன வாதிக்கு வழக்குத் தொடர உரிமை இருந்தது. அவருடைய வாரிசுகளுக்கும் இருக்கிறது. வழக்கைத் திரும்ப எடுத்து, சேற்றையும் தண்ணீரையும் சோதித்து, சாட்சி விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் நடந்து, வழக்குப் போடலாம் என்பதைத்தான் ஜெயித்திருக்கிறோம். உள்ளே என்ன ஆகுமோ தெரியாது. கம்பெனி இன்னும் மேலே போகலாம் என்கிறார்கள்.

அம்மா வராந்தாவில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப அவரு ஆளுதானா?"

"ஆளுதாம்மா. நீதிபதியே சொல்லிட்டாங்க."

"இதைக் கேக்க அவரு இல்லியே" என்றாள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். முருங்கை வடக்குப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை, தெற்கே நிற்கிறது. தென்னையில் ஆறு பிழைத்திருக்கிறது. தோணிப் பேர்களில் எது எதுவென்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கோர்ட்டு ஒரு ஆணையரைப் போட்டிருக்கிறது. அடுத்த மாதம் வந்து பள்ளத்தைத் தோண்டி மண் எடுக்கப் போகிறார். எந்த இடம் வரை பள்ளம் போனது என்று காட்ட அண்ணாச்சி வருகிறார். முட்டுவலியோடு அந்த மணலில் நடக்க வேண்டும். ஆட்டோ உள்ளே வராது என்றேன், பரவாயில்லை என்கிறார்.

உங்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. செத்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்பார்கள். யாரிடம் சொல்ல? அந்த மத்தியானம் கடையில் கூட்டம் கலையும்வரை ஒரு பத்து நிமிஷம் நீங்கள் காத்திருந்திருக்கலாம். காற்று திரும்புவதற்காக நடுக்கடலில் நாள் கணக்கில் காத்திருந்தவர்தானே நீங்கள்? கேட்டிருந்தால் சீட்டுக் கதை அன்றைக்கே வெளியே வந்திருக்கும். உரிமை உண்டு என்ற அந்த வார்த்தையை உங்கள் காதாலேயே கேட்டிருப்பீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நானும் உங்களைப்போலத்தான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் உள்ளே வைத்துக்கொள்கிற ஆள். இனி அப்படி இருக்கக் கூடாது என்று பழகுகிறேன்.

நேற்று அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினார்.

"அமலி, உங்க ஆளுவ கல்லறைத் திருநாள்னு ஒண்ணு கும்பிடுவியள்லா? நான் வந்தா யாரும் ஏதும் சொல்லுவாவளா?"

"யாரு மாமா சொல்லப் போறா?"

"அங்கன வந்து என்ன செய்யணும்? மெழுகுவத்தி ஏத்துனாப் போதுமா? எனக்கு உங்க செபமெல்லாம் தெரியாதே."

"செபம் வேண்டாம் மாமா. நீங்க அப்பாகிட்டச் சொல்லணும்னு பொறப்பட்டது இருக்குல்லா, அதைச் சொல்லுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு படி இறங்கினார்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வழக்கை முடிவு பார்க்காமல் விடமாட்டேன். அது கோர்ட்டு கையிலும் இருக்கிறது. என் கையில் மட்டுமே இருப்பது இன்னொன்று. வருகிற கல்லறைத் திருநாளன்று அவரை நானே கூட்டிக்கொண்டு வந்து உங்கள் அருகில் உட்காரவைப்பேன். வத்தியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்கிறோம். அவர் நிறையப் பேச வேண்டியிருக்கும். அவசரப்படாமல் முழுக்கக் கேளுங்கள் அப்பா.

உங்கள் மூத்த மகளும்,
இப்போது உங்கள் இடத்தில் வாதியுமான
அமலி